எழுப்பிப் பார்க்காமல் வந்த நாள்

இனி மலைக்கு பைக்கில் போகக்கூடாது என்று எலும்பு டாக்டர் சொன்ன நாளிலிருந்து, நான் ஒடுகத்தூர் கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்து போன் எடுக்கிறேன். இதற்கு ஓய்வு என்று பெயர் வைத்திருக்கிறாள் என் மனைவி. தண்டனை என்று நான் வைத்திருக்கிறேன்.

இந்த மாதம் நீங்கள் மூன்று பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். மதர்போர்டு மாற்றுவது, விண்டோஸ் ஏற்றுவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே வரும். அதில் நான் வாயைத் திறக்கப் போவதில்லை. பயம் பிடித்துக்கொண்டால் ஒரு மெக்கானிக் என்னென்ன செய்யக்கூடாது என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடியும். அந்த ஒரு பாடத்தில் இந்த வட்டாரத்திலேயே என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நேற்று கடையில் நடந்த ஒரு சின்ன விஷயத்தால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அது என்ன என்று கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் பார்ப்பதெல்லாம் லேப்டாப். மூடியைத் தூக்கினால் முழித்துக்கொள்ளும், சாத்தினால் தூங்கிவிடும். எங்கள் காலத்து டெஸ்க்டாப்புக்கு அப்படி நாசூக்கெல்லாம் தெரியாது. தூக்கத்திலிருந்து எழும்போது உள்ளே ஃபேன் ஒரு பெருமூச்சு விடும், டிஸ்க் தொண்டையைச் செருமும், அப்புறம்தான் திரை வெளுக்கும். டீ கொடுத்தால்தான் கண்ணைத் திறக்கிற மனுஷன் மாதிரி. அந்தப் பெருமூச்சைக் கேட்டே எனக்குப் பல வருஷம் ஆகிறது. காதுக்குள் இன்னும் இருக்கிறது.

ஜவ்வாது மலையில் ஒரு சிற்றூரில் பெண்கள் குழு ஒன்று இருந்தது. சாமை அரைத்து, புளி கொட்டை எடுத்து விற்பார்கள். அவர்களுக்கு இரண்டு அறைக் கட்டடம். ஒன்றில் மாவு மில், ஒன்றில் கம்ப்யூட்டர். நடுவில் ஒரே சுவர். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டது மல்லிகா. முப்பத்தைந்து வயது இருக்கும். டைப்பிங் பழகியதெல்லாம் அங்கேயே தானாகப் பழகியதுதான். ஆனால் வேகம். யார் என்ன சொன்னாலும், சொன்னவர் வாயை மூடுவதற்குள் திரையில் வந்திருக்கும். சொன்னது சொன்னபடியே.

அந்த வருஷம் புளி அடிக்கிற பருவத்தில் அவளுக்குப் பெரிய வேலை ஒன்று வந்தது. காட்டை ஒட்டிப் பல தலைமுறையாக உழுதுகொண்டிருக்கும் நிலத்துக்கு உரிமை கேட்டு நாற்பத்தோரு குடும்பங்கள் மனு கொடுக்க வேண்டும். ஒவ்வொரு குடும்பமும் தன் நிலத்தின் நாலு பக்க எல்லையைத் தன் வாயால் சொல்ல வேண்டும். சுற்றியுள்ள குக்கிராமங்களிலிருந்து நடந்து வந்து சொன்னார்கள். சொல்லிவிட்டுப் புளி அடிக்கக் காட்டுக்குள் போய்விட்டார்கள். மல்லிகா மூன்று நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் அடித்தாள். மறுநாள் காலை மலைக்குக் கீழே சர்க்கார் ஆபீஸில் கொடுத்தாக வேண்டும். அதுதான் கடைசி நாள்.

மூன்றாம் நாள் காலையில் எனக்கு அவளிடமிருந்து போன்.

"அண்ணா, கம்ப்யூட்டர் தானா முழிச்சிக்கினு நிக்குதுண்ணா. யாருமே தொடல. ராத்திரில அது பாட்டுக்கு வெளிச்சமா கீதாம். எங்க மாமியா காத்து கருப்புன்றாங்க."

நான் மலையேறிப் போய்ப் பார்த்தேன். காத்தும் இல்லை, கருப்பும் இல்லை. பக்கத்து அறையில் மில் ஓடினால் சுவர் அதிர்கிறது, சுவர் அதிர்ந்தால் மேஜை அதிர்கிறது, மேஜை அதிர்ந்தால் மவுஸ் ஒரு மயிரிழை நகர்கிறது. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக் கம்ப்யூட்டர் எழுந்து உட்கார்ந்துவிடுகிறது. பகலில் சாமை அரைத்தால் பகலில் எழும், ராத்திரி அரைத்தால் ராத்திரியில் எழும்.

இதைக் கண்டுபிடித்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மல்லிகா திறந்து வைத்திருந்த மனுவை மூடக்கூட இல்லை, அப்படியே ஓரமாகத் தள்ளிவிட்டு அமைப்புகளுக்குள் புகுந்தேன். மவுஸைத் தொட்டால் எழக்கூடாது என்று டிக்கை எடுத்தேன். கை சும்மா இருக்குமா? எதற்கும் இருக்கட்டும் என்று கீபோர்டுக்கும் எடுத்தேன். முன்பக்க பவர் பட்டனை யாராவது அழுத்தி அணைத்துவிடுவார்கள் என்று அதன் மேல் சிவப்பு டேப் ஒட்டி, 'தொடாதே' என்று எழுதினேன். எழுதிவிட்டுத் தள்ளி நின்று அழகு வேறு பார்த்தேன்.

"இனிமே நிம்மதியாத் தூங்கும்மா" என்றேன்.

"டீ சாப்ட்டுப் போங்கண்ணா" என்றாள்.

சாப்பிட்டேன். இறங்கி வந்தேன். ஒன்றை மட்டும் செய்யவில்லை. அதைத் தூங்க வைத்து, ஒரு தடவை எழுப்பிப் பார்க்கவில்லை.

மதியம் கடையில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது மறுபடியும் போன்.

"அண்ணா, கரண்ட்டு போய்டுச்சி. எங்கயோ மரம் சாஞ்சிடுச்சாம். கம்ப்யூட்டர் யூபிஎஸ்ல கீது. ஆனா தூங்குது. எழுப்புனா எந்திரிக்க மாட்டுது."

"எனக்கும் சாப்ட்டா அப்படித்தாம்மா."

"வெளையாடாதீங்கண்ணா. மனுவெல்லாம் உள்ள கீது."

"எங்க போய்டும்? கரண்ட்டு வந்ததும் எடுத்துக்கலாம். சேவ் பண்ணிட்டே இல்ல?"



"சேவ்னா இன்னாண்ணா?"

என் கையில் இருந்த சாம்பார் பாக்கெட் நேராகச் சட்டையில் இறங்கியது.

அவளைக் குறை சொல்லாதீர்கள். ஆறு மாசத்துக்கு முன் அவளுக்குப் பாடம் நடத்தியது யார்? 'அணைக்காதே, தூங்க விடு. நீ எங்கே விட்டியோ அங்கேயே இருக்கும்' என்று நான்தான் சொன்னேன். அவள் நம்பினாள். இருந்தது. ஒவ்வொரு நாளும் எழுப்பினால் விட்ட வரியில் கர்சர் துடித்துக்கொண்டு நின்றது. அப்புறம் எதற்கு அவளுக்கு சேவ்?

தானாகவே பாதுகாக்கிற வசதி இருக்குமே என்பீர்கள். இருந்தது. பழைய டிஸ்க் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை முனகுகிறது, மிஷின் திணறுகிறது என்று அதை நிறுத்தி வைத்த மகானும் நான்தான். அதே நாளில் இன்னொரு சேவையும் செய்திருந்தேன். எந்தத் தாள் எந்த ஃபைல் என்று குழம்பாமல் இருக்க, அச்சடித்தால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஃபைல் பெயர் தானாக வருகிற மாதிரி வைத்துவிட்டேன். இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டரின் தூக்கம் என்றால் என்ன? கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே ஒரு ஜீரோ வாட் பல்பை எரிய விடுவது. சரக்கெல்லாம் மேஜை மேலேயே கிடக்கும். அந்த பல்பு எரிகிற வரைக்கும் கிடக்கும். பல்பு அணைந்தால் மேஜை துடைத்து வைத்த மாதிரி ஆகிவிடும். மனுக்கள் மேஜை மேல் கிடந்தன. பல்பு ஒரு சின்ன யூபிஎஸ் பேட்டரியில் எரிந்துகொண்டிருந்தது.

அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் நான் பைக் ஓட்டியதை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஒவ்வொரு வளைவிலும் ஒரு வசனம் தயார் செய்தேன். முதல் வளைவில் 'டெக்னிக்கல் கோளாறு.' மூன்றாவதில் 'எல்லாம் கரண்ட்டு ஆபீஸால வந்தது.' கடைசி வளைவில் 'நான் ஒரு முட்டாளும்மா.' அதுதான் கொஞ்சம் பொருத்தமாக இருந்தது. ஆனால் அதைச் சொல்லத் தைரியம் வேண்டுமே.

கட்டடத்தின் வாசலில் புளி மூட்டை ஏற்றிய டெம்போ நின்றது. கோவிந்தனுடையது. மல்லிகாவையும் மனுத் தாள்களையும் அதில்தான் கீழே கொண்டுபோவதாக ஏற்பாடு. அவர் முன் சீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தார்.

"வாங்க சாரு. இன்னா சட்டையில சாம்பாரு?"

உள்ளே ஓடினேன். யூபிஎஸ் நிதானமாக ஒரு 'பீப்', இடைவெளி, இன்னொரு 'பீப்' என்று அழுதுகொண்டிருந்தது. மல்லிகா கம்ப்யூட்டர் பெட்டிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்திருந்தாள். யாரையும் கிட்டே விடவில்லையாம்.

கீபோர்டைத் தட்டினேன். மவுஸை ஆட்டினேன். கீபோர்டைக் கழற்றி மாட்டித் தட்டினேன். மானிட்டர் ஒயரை ஆட்டினேன். பெட்டியின் பக்கவாட்டில் ஓர் அறை விட்டேன். அந்த அறைக்கு எந்தக் கையேட்டிலும் இடமில்லை, இருந்தாலும் எல்லாரும் விடுகிறோம். ஒன்றும் நடக்கவில்லை. 'ஹேங்' ஆகித் தொங்கிப் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். தொங்கிப்போன மிஷினுக்கு ஒரே வைத்தியம், பட்டனை நாலு செகண்ட் அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி போடுவது. இருபது வருஷமாகக் கை பழகியது. மூளையைக் கேட்காமல் கை போனது. சிவப்பு டேப்பைப் பிய்த்தேன்.

மல்லிகா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சாமை புடைத்த கை. நல்ல பிடி.

"இன்னா பண்றீங்கண்ணா?"

"செத்துப் போச்சும்மா. அணைச்சிட்டுப் போட்டாத்தான்..."

"சாவல. லைட்டப் பாருங்க. மூச்சு வுடுது."

பார்த்தேன். பெட்டியின் முன்பக்கத்தில் பொட்டு மாதிரி ஒரு விளக்கு. மெல்ல ஏறியது. மெல்ல இறங்கியது. மறுபடி ஏறியது.

"ரெண்டு மணி நேரமா பாத்துக்கினே கீறேன். நடுவுல வுடவே இல்ல. உசுரோட கீறதப் போய் அமுக்கப் பாக்கறீங்களே!"

ஆயிரம் மிஷினில் அந்த விளக்கை நான் பார்த்திருக்கிறேன். அதைப் படித்ததே இல்லை. தொங்கிப் போன மிஷின் அப்படி மூச்சு விடாது. இது நல்லபடியாகத் தூங்குகிறது. பின் ஏன் எழவில்லை? யார் கூப்பிட்டாலும் எழாதே என்று சொல்லி வைத்தது யார்?

காலையில் நான் எடுத்த டிக்குகள் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தன. ஒவ்வொன்றாக. மவுஸ். கீபோர்டு. கையில் ஒட்டிக்கொண்டிருந்த சிவப்பு டேப். எழுப்புவதற்கு இருந்த மூன்று வாசலையும் நானே அடைத்துவிட்டு டீ குடித்துப் போயிருக்கிறேன்.

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"மல்லிகா, நான் ஒரு முட்டாளும்மா."

"அத அப்பறம் பேசிக்கலாண்ணா. இப்ப இன்னா பண்ணணும்?"

பட்டனைச் சும்மா ஒரு தொடு தொட்டால் போதும், எழுந்துவிடும். அழுத்திப் பிடித்தால் சாகும். ஒரே பட்டன்தான், கையை எப்போது எடுக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். அவளிடம் இதைச் சொல்லி விரலை நீட்டினேன். அந்த நேரம் பார்த்து யூபிஎஸ் தன் ராகத்தை மாற்றியது. இடைவெளி போய்விட்டது. பீப் பீப் பீப் பீப்.

பேட்டரி முடியப் போகிறது என்று அர்த்தம்.

தம்பிகளே, தங்கையே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவசரம் எழுப்பு எழுப்பு என்று கத்தும். ஆனால் தூங்குகிற மிஷின் கரண்ட்டைக் குடிப்பது சொட்டுச் சொட்டாக. எழுந்துவிட்டால் குடம் குடமாகக் குடிக்கும். காய்ந்துபோன பேட்டரியை வைத்துக்கொண்டு எழுப்பினால், பெருமூச்சு விடும்போதே பொட்டென்று போய்விடலாம். எழுப்பாமல் விட்டாலும் இன்னும் பத்து நிமிஷமோ என்னமோ. அந்த பீப் சத்தத்தில் எனக்குப் புத்தியில் பட்டது இவ்வளவுதான்: முதலில் அதற்குச் சாப்பாடு, அப்புறம்தான் எழுப்புவது.

வெளியே ஓடினேன்.

"கோவிந்தா, உன் பேட்டரி வேணும்!"

"எந்த பேட்டரி? செல்போனுதா?"

"வண்டிது!"

அவர் எழுந்து உட்கார்ந்தார். "சாரு, மூட்டையோட நிக்குது வண்டி. பேட்டரிய எடுத்துட்டு அப்பறம் ஸ்டார்ட்டு ஆவலன்னா?"

"தள்றேன்."

"யாரு?"

"நான்தான்."

கோவிந்தன் என் வயிற்றைப் பார்த்தார். சட்டையில் இருந்த சாம்பாரைப் பார்த்தார். பிறகு உள்ளே மல்லிகாவை எட்டிப் பார்த்தார். அந்த நாற்பத்தோரு மனுவில் அவருடைய அண்ணன் மனுவும் ஒன்று. ஸ்பானரை எடுத்தார்.

இனி நான் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கிற யூபிஎஸ்ஸின் மூடியைத் திறந்து, உள்ளே இருந்த பேட்டரியோடு டெம்போ பேட்டரியைச் சேர்த்தேன். என்னிடம் இருந்த ஒயர் இரண்டும் மஞ்சள். எது பிளஸ், எது மைனஸ் என்று மனசில் பிடித்துக்கொண்டே இருந்தவன், ஒரு தடவை தும்மியதும் மறந்துவிட்டேன். மல்லிகா புளி மூட்டையிலிருந்து சணல் ஒன்றை உருவி, மறுபடி பார்த்துச் சொல்லச் சொல்லி, ஓர் ஒயரில் முடிச்சுப் போட்டாள்.

"முடி போட்டது பிளஸ்ஸு. இப்பத் தும்மிக்கோங்க."

சேர்த்தேன். சின்னதாக ஒரு பொறி பறந்தது. கோவிந்தன் இரண்டடி பின்னால் போனார், நான் நாலடி. பீப் பீப் பீப் என்றது மெல்லத் தளர்ந்து பழைய நிதானத்துக்கு வந்தது. ஒயரைப் பிடிக்கும் வேலை கோவிந்தனுக்கு. பட்டனைத் தொடும் வேலையை நான் எடுத்துக்கொள்ளவில்லை. இருந்த அவசரத்தில் என் விரல் ஒரு தடவை தொடப்போய் ஒன்பது தடவை தொட்டிருக்கும்.

"மல்லிகா, தொடு. தொட்டதும் கைய எடுத்துடு."

தொட்டாள். எடுத்தாள்.

ஃபேன் பெருமூச்சு விட்டது. டிஸ்க் செருமியது. திரை வெளுத்தது. விட்ட இடத்திலேயே நின்றது கர்சர். கடைசியாக அடித்த வரி எனக்கு இன்றும் மனப்பாடம்: 'கிழக்கால எங்க மாமியா கோவிச்சிக்கினு போயி உக்காந்த பாற.' ஒரு குடும்பத்தின் கிழக்கு எல்லை. எந்த வரைபடத்திலும் இல்லாதது. சொன்னது சொன்னபடி அடித்திருந்தாள்.

"கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேத்து அமுத்து. பேர் கேக்கும், எதனா அடிச்சி என்டர் தட்டு!"

அமுத்தினாள். பெட்டி வந்தது.

"இன்னா பேருண்ணா?"

அதே நேரம் கோவிந்தன் கையில் ஒயர் வழுக்கியது. பொறி தெறித்தது. யூபிஎஸ் ஒரே மூச்சில் 'பீ...' என்று அலறியது.

"அய்யோ!" என்றேன்.

தட தட தட. என்டர்.

கோவிந்தன் ஒயரை மறுபடி அழுத்திப் பிடித்தார். அலறல் நின்றது. டிஸ்க் முனகியது. எந்த முனகல் பிடிக்காமல் தானாகப் பாதுகாப்பதை நிறுத்தினேனோ, அதே முனகல். அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்கவில்லை. என் பென் டிரைவில் ஒரு நகல் எடுத்து, எடுத்ததைத் திறந்து பார்த்தேன். நாற்பத்தோரு பேரும் இருந்தார்கள். மல்லிகா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ்ளோதானா சேவு?" என்றாள்.

கரண்ட் இல்லாமல் அங்கே அச்சடிக்க வழியில்லை. பென் டிரைவோடு ஒடுகத்தூர் கடைக்கு வந்து அடித்துக்கொள்ளலாம் என்று கிளம்பினோம். பேட்டரியைத் திரும்ப மாட்டியும் டெம்போ ஸ்டார்ட் ஆகவில்லை. கோவிந்தன் என்னைப் பார்த்தார். வாக்குக் கொடுத்தவன், தள்ளினேன். பல்லைக் கடித்துத் தள்ளினேன். மூட்டைகளோடு வண்டி மலை மாதிரி அசையாமல் நின்றது. இடுப்பில் ஏதோ 'சடக்' என்றது.

"சாரு!" என்று முன்னாலிருந்து குரல். "மன்னிச்சிக்கோங்க. ஹேண்ட்பிரேக்கு!"

பிரேக்கை எடுத்ததும் சரிவில் அதுவே உருண்டு ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஒருவர்கூடத் தள்ளத் தேவையில்லை. டாக்டர் இன்று படம் எடுத்துக் காட்டுகிறாரே, அந்த இடுப்பு அன்று பிடித்ததுதான்.

சாயங்காலம் கடையில் தாள் அடித்து முடிக்கும்வரை நான் பெஞ்சில் குப்புறப் படுத்திருந்தேன். ஒரு தாளையும் பார்க்கவில்லை. மல்லிகா எடுத்து அடுக்கி, பின் அடித்து, மறுநாள் காலை ஆபீஸில் கொடுத்து ரசீதோடு கடைக்கு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்கிக்கினாங்கண்ணா. எல்லாத்தையும். ஆனா அங்க கீற சாரு ஒண்ணு கேட்டாரு. 'இன்னாம்மா, ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழ அய்யோ அய்யோன்னு போட்டுக்கீறீங்க? மனுவா, ஒப்பாரியா?'ன்னாரு."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. பேர் என்ன என்று கேட்டாள். நான் சொன்னேன். சொன்னது சொன்னபடி அடித்திருக்கிறாள்.

"நீ இன்னா சொன்ன?"

"ஃபைலு பேருன்னா அவருக்குப் புரியுமோ இன்னாவோ. 'அது எங்க கம்ப்யூட்டர் பாக்க வர்றவரு பேருங்க சார்'னு சொல்லிட்டேன்."

அடுத்த முறை மலைக்குப் போனபோது பட்டன் மேல் புதிதாக ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. என்னுடைய 'தொடாதே' இல்லை. அவள் கையெழுத்தில், 'ஒரு தடவை தொடு. கையை எடு.' கீபோர்டுக்கான டிக்கைத் திரும்பப் போட்டேன், மவுஸுக்குப் போடவில்லை. தூங்க வைத்தேன். எழுப்பினேன். இன்னொரு தடவை தூங்க வைத்து எழுப்பினேன். அதுவரை எனக்கு டீ வரவில்லை. இரண்டாவது தடவையும் எழுந்த பிறகுதான் மல்லிகா டம்ளரை நீட்டினாள். அன்றிலிருந்து அந்த மலையில் எந்த மிஷினையும் நான் தூங்க வைத்துவிட்டு மட்டும் இறங்கி வந்ததில்லை. நீங்களும் வராதீர்கள்.

இப்போது நேற்றைய விஷயம். மத்தியானம் கடை போன் அடித்தது. நான் கை கழுவப் போயிருந்தேன். உங்களில் ஒருவர் எடுத்துக் கேட்டுவிட்டு, "யாரோ ஒரு அம்மா, அய்யோ சாரு கீறாரான்னு கேக்கறாங்க, ராங் நம்பர்" என்று வைத்துவிட்டீர்கள்.

ராங் நம்பர் இல்லை. அது நான்தான். மறுபடி வந்தால் வைத்துவிடாதீர்கள், என்னிடம் கொடுங்கள். மலை மேலே ஏதோ ஒன்று மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.